துண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் ஹார்ட்டாப்: முதல்முறை வடிவமைப்பவருக்கு

ஜீப் போன்ற திறந்த வண்டிக்குத் துணிக்குப் பதிலாக மாட்டும் கெட்டியான கூரைதான் ஹார்ட்டாப். என் முதல் ஹார்ட்டாப்பில் மொத்தம் ஐந்து பேனல். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, பளபளவென்று இருந்தது. முதல் மழையில் கியர் லிவரின் தலை மேலேயே, குறி பார்த்தது போல, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. சிலிகான் போட்டு அடைத்தேன். சொட்டு ஒரு சாண் நகர்ந்து என் தொடை மேல் விழுந்தது. அங்கும் சிலிகான். கடைசியில் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி பெயின்ட் அடிக்கப் போனால், சிலிகான் பட்ட இடமெல்லாம் பெயின்ட் ஒட்டாமல் விலகி விலகி நின்றது.

பேனல்களைப் பற்றி ஆறு வாரம் யோசித்திருந்தேன். இரண்டு பேனல்கள் சந்திக்கும் இடத்தைப் பற்றி ஒரே ஒரு மாலை. தண்ணீர், தூசி, சத்தம், விரிசல் எல்லாமே அந்தச் சந்திப்பில்தான் வருகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் இணைப்புகளைப் பற்றித்தான் இருக்கும். ஃபைபர் பூசுவதை, அதாவது கண்ணாடி இழையை ரெசினில் நனைத்துப் படியவைப்பதை, யாரிடமும் கற்றுக்கொள்ளலாம்.

எத்தனை துண்டு?

ரேங்க்ளர், தார், பழைய சாமுராய், துணிக்கூரை டிஃபென்டர் என்று வண்டி எதுவாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். எதை அடிக்கடி கழற்றப் போகிறீர்கள், அப்போது உங்களோடு எத்தனை பேர் இருப்பார்கள்?

கம்பெனிகள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. 2007 மாடலாக வந்த ரேங்க்ளர் ஜேகேயின் ஹார்ட்டாப் மூன்று துண்டு. முன் சீட்டுகளுக்கு மேலே இரண்டு சின்னப் பேனல்கள், பின்னால் கூரையும் பக்கமும் கண்ணாடியும் சேர்ந்த ஒரே பெரிய துண்டு. முன்னால் உள்ளதை ஒருவரே சில நிமிடங்களில் கழற்றிவிடலாம். பின்துண்டுக்கு ஆள் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் மேலிருந்து கப்பி கட்டித் தூக்க வேண்டும். பழைய லேண்ட்ரோவர் வேறு வழி. கூரை தனி, பக்கங்கள் தனி, எல்லாம் அலுமினியத் தகடு, எல்லாம் போல்ட். கழற்ற நேரம் பிடிக்கும். ஆனால் கழற்றியதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிடலாம், இடம் அடைக்காது.

துண்டு கூடினால் இணைப்பின் நீளம் கூடும். 1.3 மீட்டர் அகலக் கூரையைக் குறுக்கே ஒருமுறை வெட்டினால் 1.3 மீட்டர் புதிய இணைப்பு. முன்பகுதியை நெடுக்கே இரண்டாக்கினால் இன்னொரு 80 செ.மீ. பக்கப் பேனல்களைக் கூரையிலிருந்து பிரித்தால் இரு பக்கமும் சேர்த்து 2.8 மீட்டர், பின் மூலைகளில் 1.2 மீட்டர். ஒரே துண்டாக இருந்தால் தேவைப்படாத ஆறு மீட்டர் இது. அந்த ஆறு மீட்டரிலும் தண்ணீர் வழி தேடும்.

புதியவருக்கு நான் சொல்வது: முன்கூரை ஒன்று, பின்கூரை ஒன்று, பக்கங்கள் இரண்டு, பின்கதவு ஒன்று. முன்கூரையை நெடுக்கே பிளக்காதீர்கள். ஏன் என்று பிறகு வரும். எந்தத் துண்டும் 15 கிலோவைத் தாண்ட வேண்டாம். தரையிலிருந்து தூக்கும்போது 15 கிலோ ஒன்றுமே இல்லை. கையைத் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்துக்கொண்டு, பெயின்டைக் கீறாமல் துளைக்கு நேராக இறக்கும்போதுதான் அதன் கனம் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஹார்ட்டாப் மழைக்கும் வெயிலுக்கும் தூசிக்கும்தான். வண்டி உருண்டால் உங்களைக் காப்பது ரோல் கேஜ் எனும் இரும்புக் குழாய்க் கூண்டு. மூன்று மில்லி ஃபைபர் அல்ல. ஹார்ட்டாப் வந்துவிட்டதே என்று ரோல் பாரைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். மேலே கேரியர் வைக்கும் எண்ணம் இருந்தால் அதன் கால்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு ரோல் கேஜிலோ பாடியிலோ உட்கார வேண்டும். வண்டியின் உருவத்தை மாற்றுவதற்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் எல்லா நாட்டிலும் ஏதாவது விதி இருக்கும். பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது, முடித்த பிறகு கேட்பது வீண்செலவு.

அளவெடுப்பது

சமதளத்தில் வண்டியை நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். ரசமட்டம் வைத்துப் பாடியின் மேல்விளிம்பைப் பாருங்கள். வண்டி கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். அது பரவாயில்லை, எவ்வளவு என்று குறித்துக்கொண்டால் போதும். விண்ட்ஷீல்டு சட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து டெயில்கேட்டின் நடுப்புள்ளிக்கு ஒரு நூல் கட்டுங்கள். இனி எல்லா அளவும் அந்த நூலிலிருந்துதான்.

இடது பக்கத்தை அளந்துவிட்டு வலது பக்கமும் அப்படியேதான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய வண்டி, ஒருமுறை இடித்து டிங்கரிங் செய்த வண்டி என்றால் இரண்டு பக்கத்துக்கும் ஐந்து, பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். கம்ப்யூட்டரில் ஒரு பாதியை வரைந்து மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். குறுக்கு மூலை அளவு இரண்டையும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் பாடி கோணலாக இருக்கிறது என்று பொருள்.

அடுத்து, பலரும் செய்யாத ஒரு சோதனை. ஒரு பக்க முன்சக்கரத்தை 30 செ.மீ. உயரக் கட்டையின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். மேடு பள்ளத்தில் ஏறும்போது வண்டி முறுக்கிக்கொள்ளும் நிலை அது. இப்போது விண்ட்ஷீல்டின் மேல்மூலையிலிருந்து எதிர்ப்பக்கப் பின்மூலைக்கு உள்ள தூரத்தை மறுபடி அளங்கள். என் வண்டியில் டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்த நண்பன் முதலில் தவறாகப் படிக்கிறான் என்று நினைத்தேன். மூன்றுமுறை அளந்தோம். 6 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. ஏணிச் சட்டம் (ஏணி வடிவ சேஸிஸ்) வைத்த வண்டி முறுக்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். டேப்பில் அதை எண்ணாகப் பார்த்த பிறகுதான் பழைய ஹார்ட்டாப்பின் மூலைகள் ஏன் விரிந்தன என்று புரிந்தது.

அந்த 6 மில்லிமீட்டர் எங்காவது போயாக வேண்டும். ரப்பர் பீடிங் உள்வாங்கலாம். போல்ட் துளை நீண்டிருந்தால் அங்கே நழுவலாம். இரண்டுக்கும் நீங்கள் இடம் கொடுக்கவில்லையென்றால் பேனலின் மூலை கிழியும். ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஓரிடத்தில் இறுக்கமாகப் பிடி, மற்ற இடங்களில் நகர விடு. என் கணக்கில் இறுக்கமான இடம் பாடியின் பின்பகுதியும் ரோல் பாரின் குறுக்குக் குழாயும். விண்ட்ஷீல்டு மேல்விளிம்பில் கூரை பீடிங் மேல் உட்கார்ந்திருக்கும், கிளாம்ப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். பக்கப் பேனல்களில் 8 மில்லி போல்டுக்கு 8 மில்லி வட்டத்துளை போடாமல் 9-க்கு 18 என்று நீள்துளை போட்டு, பெரிய வாஷரும் ரப்பர் வாஷரும் வைக்கிறேன்.

வெயிலும் இதே வேலையைச் செய்யும். கறுப்புக் கூரை நண்பகலில் சுடும், இரவில் குளிரும். 50 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டர் இரும்பு அதில் 0.6 மி.மீ. நீளும், அலுமினியம் 1.15 மி.மீ., கண்ணாடிக்குப் பதிலாகப் போடும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் 3 மி.மீட்டருக்கும் மேல். பாலிகார்பனேட் ஜன்னலை இரும்புச் சட்டத்தில் இறுக்கி ரிவெட் அடித்தால் ஒரு கோடைக்குள் துளையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் வரும்.

அளவெல்லாம் எடுத்தாயிற்றா? இன்னும் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். பெரிய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, மரச்சட்டம், மாஸ்கிங் டேப், சூடான பசை வைத்து முழு அளவில் ஒரு கூரையைக் கட்டுங்கள். கட்டியதும் உள்ளே போய் உட்காருங்கள், ஒரு மணி நேரமாவது. சீட்டைப் பின்னால் தள்ளி, முன்னால் தள்ளி, குலுங்கிப் பாருங்கள். தலை எங்கே இடிக்கிறது? பக்கவாட்டில் பார்க்கும்போது பேனலின் தூண் எதை மறைக்கிறது? கதவு முழுதாகத் திறக்கிறதா, ஸ்டெப்னி தாங்கி பின்கதவில் இடிக்கிறதா? அட்டையைக் கத்தியால் வெட்ட ஒரு நிமிடம் போதும். ஃபைபரில் அதே தவறு ஒரு வாரம் தின்னும். பிறகு அந்த அட்டைத் துண்டுகளையே தரையில் விரித்து அளந்து ஃபிரீகேட் (FreeCAD) போன்ற ஒரு வரைபட மென்பொருளில் ஏற்றிக்கொள்ளலாம். மென்பொருள் தெரியாதென்றால் பிளைவுட்டில் டெம்ப்ளேட் வெட்டி வைத்தாலும் வேலை நடக்கும்.

இணைப்பு

ஓடு வேய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஓடுகளுக்கு நடுவில் யாரும் பசை பூசுவதில்லை. மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் உள்ளே போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். ஹார்ட்டாப்பின் குறுக்கு இணைப்பும் இதே கதைதான். ஒரே வித்தியாசம், இங்கே காற்று முன்னாலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். அதனால் முன்பேனலின் பின்விளிம்பு பின்பேனலின் மேல் ஏற வேண்டும். மாற்றிப் போட்டால் வண்டி ஓடும்போது காற்றே தண்ணீரை இடுக்குக்குள் ஊட்டிவிடும்.

என் முதல் ஹார்ட்டாப்பில் இரண்டு பேனல்களும் முட்டுக்கு முட்டு நின்றன, நடுவில் சிலிகான். முழுப் பாரமும் சிலிகான் மேல். இப்போது நான் மூன்று அரண் வைக்கிறேன்.

முதலாவது, மேலே ஏறும் விளிம்பு. 30 மில்லி போதும். பெரும்பாலான தண்ணீர் இங்கேயே வெளியே வழிந்துவிடும்.

இரண்டாவது, காடி. இணைப்புக்கு நேர் கீழே, ரோல் பாரின் குறுக்குக் குழாய் மேல், 25 மில்லி அகலம், 12 மில்லி ஆழத்தில் ஒரு அலுமினியச் சேனல். மேல்விளிம்பைத் தாண்டி வரும் தண்ணீர் இதில் விழுந்து இரண்டு ஓரத்துக்கும் ஓடும். ஓரத்தில் சேனலின் வாய் பக்கப் பேனலுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும், அல்லது ஒரு குழாய் வைத்துக் கீழே இறக்க வேண்டும். குழாயின் உள்விட்டம் 12 மில்லிக்குக் குறைய வேண்டாம். சருகும் சேறும் மெல்லிய குழாயை முதல் பயணத்திலேயே அடைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் வடிகால் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லையே. இரண்டு பக்கமும் வையுங்கள்.

மூன்றாவதுதான் ரப்பர் பீடிங். காடியின் இரண்டு உதடுகளிலும் பீடிங் ஓடுகிறது, பேனல்கள் அதன் மேல் உட்காருகின்றன. முன்னிரண்டும் தண்ணீரைப் பார்த்துக்கொள்வதால் பீடிங்குக்குக் காற்றையும் தூசியையும் நிறுத்துவது மட்டும்தான் வேலை. அதனால் அது பத்து வருடம் உழைக்கும்.

முன்கூரையை நெடுக்கே பிளக்க வேண்டாம் என்றேன் இல்லையா? பிளந்தால் நடுவில் ஒரு நெடுங்காடி வரும். அது குறுக்குக் காடியைச் சந்திக்கும் இடத்தில் ஆங்கில ‘T’ மாதிரி ஒரு முனை உருவாகும். என் கியர் லிவர் மேல் சொட்டியது அப்படிப்பட்ட ஒரு முனையிலிருந்துதான். அதைச் சரியாகச் செய்ய நெடுங்காடியின் தரை குறுக்குக் காடியின் தரையைவிட ஐந்து மில்லியாவது உயரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் விழும், திரும்பி வராது. நெடுங்காடியின் வாய் குறுக்குக் காடியின் நடுப்பகுதிவரை நீள வேண்டும். மேலே இரண்டு பீடிங்கும் சந்திக்கும் முக்கோண இடைவெளியை அடைக்கத் தனியாக ஒரு ரப்பர் துண்டு வெட்ட வேண்டும். முடியாத வேலை இல்லை. ஆனால் முதல் ஹார்ட்டாப்பிலேயே இதில் கை வைக்காதீர்கள்.

பீடிங் வாங்கும்போது மூடிய துளைகள் கொண்ட ஈபிடிஎம் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். குளியல் பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சும் மலிவு ரகமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து, எடுத்துப் பிழிந்தால் தெரிந்துவிடும். 15 மில்லி உயர, ஆங்கில ‘D’ வடிவ பீடிங் என்றால் மூடிய நிலையில் இடைவெளி 10 மில்லி இருக்கும்படி வரையுங்கள். அதாவது மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். பாதிக்கு மேல் அமுங்கினால் சீக்கிரம் செத்துவிடும், கிளாம்ப் பூட்டவும் பலம் தேவைப்படும். கால்வாசிக்கும் குறைவாக அமுங்கினால் வண்டி முறுக்கும்போது விலகிவிடும். இந்த 10 மில்லியை வரைபடத்திலேயே விட வேண்டும். பேனலை முதலில் செய்துவிட்டு, மிச்சமிருக்கிற இடைவெளிக்கு ஏற்ற பீடிங்கைத் தேடி அலைவதுதான் வழக்கம், நானும் அலைந்திருக்கிறேன்.

மூலைகளில் பீடிங்கை வெட்டி ஒட்டாமல் வளைத்துக் கொண்டுபோங்கள். பேனலின் மூலையே 50 மில்லி ஆரத்தில் உருண்டிருந்தால் இது தானாக நடக்கும். இரண்டு முனைகள் சேரும் ஒட்டு, காற்று அறையும் முன்பக்கத்தில் வரக் கூடாது. பின்பக்கம் தள்ளிவிடுங்கள்.

காற்று கூரையைத் தூக்கும்

கிளாம்ப் எத்தனை வேண்டும் என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 48 கிலோ. விண்ட்ஷீல்டைத் தாண்டி வளைந்து வரும் காற்று முன்கூரையை அந்த அளவுக்கு மேல்நோக்கி உறிஞ்சலாம். எதிர்க்காற்று 40 கி.மீ. வீசினால் கூரைக்கு அது 140 கி.மீ. வேகம். வேகத்தின் வர்க்கத்தில் அழுத்தம் ஏறுவதால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, சதுர மீட்டருக்கு 95 கிலோ. ஜன்னல் திறந்திருந்தால் உள்ளிருந்தும் காற்று தள்ளும். 1.3-க்கு 0.8 மீட்டர் முன்கூரையின் பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல். 100 கிலோ என்று வைத்து, பாதுகாப்புக்கு மூன்றால் பெருக்கினால் 300. நான்கு கிளாம்ப் என்றால் ஒவ்வொன்றும் 75 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும்.

கிளாம்ப் தாங்கினாலும் அது பிடித்திருக்கும் ஃபைபர் தாங்க வேண்டுமே. மெல்லிய ஃபைபரில் துளை போட்டு ரிவெட் நட் (துளையில் அமுக்கிப் பொருத்தும் நட்டு) அடித்தால் அது ஒருநாள் துளையோடு பிய்த்துக்கொண்டு வரும். உட்புறம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டை வைத்துச் சுமையைப் பரப்புங்கள். கைப்பிடியை மடக்கிப் பூட்டும் டாகிள் கிளாம்ப் அதிர்வில் தானாகத் திறக்கக் கூடியது. பூட்டுமுள் உள்ளதாக வாங்குங்கள், கூடவே கிளாம்பைச் சாராத ஒரு போல்ட்டோ கொக்கியோ பக்கத்துக்கு ஒன்று இருக்கட்டும்.

இரண்டு கிளாம்புகளுக்கு நடுவில் பேனல் வில்லாக வளைந்து பீடிங்கை விட்டு மேலே எழும். உடனே இன்னொரு கிளாம்ப் போடத் தோன்றும். அதைவிட விளிம்பைக் கீழ்நோக்கி 25 மில்லி மடித்துவிடுவது மேல். மடித்த விளிம்பு வளையாது, கிளாம்பும் குறையும்.

எதில் செய்வது

ஃபைபர் கிளாஸ், அலுமினியம், நடுவில் ஃபோம் வைத்த சாண்ட்விச். இந்த மூன்றில் ஒன்று.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பை (மேட்) மூன்று அடுக்கு பூசினால் ஏறக்குறைய 3 மில்லி வரும். சதுர மீட்டருக்குக் கண்ணாடி இழை 1.35 கிலோ, ரெசின் அதைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு, ஆக நாலரை கிலோ சுமார். 2 மில்லி அலுமினியத் தகடு 5.4 கிலோ. 10 மில்லி பிவிசி ஃபோமின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லி ஃபைபர் பூசினால் 4 கிலோ அளவில் முடிந்துவிடும், விறைப்போ எங்கேயோ போய்விடும். இருக்கிற ஃபைபரையே இரண்டாகப் பிரித்து, நடுவில் ஃபோம் வைத்து மொத்தத் தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு ஏழு மடங்கு. நான்கு மடங்காக்கினால் 37 மடங்கு. கூரைக்கு எனக்குப் பிடித்தது இதுதான். ஒன்றே ஒன்று: போல்ட் வரும் இடங்களில் ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு கெட்டியான ஃபைபரோ நல்ல பிளைவுட்டோ வையுங்கள். இல்லையென்றால் போல்டை இறுக்க இறுக்க ஃபோம் நசுங்கிக்கொண்டே போகும்.

தெர்மோகோல் மலிவாயிற்றே என்று அதை வைத்துப் பாலியஸ்டர் ரெசின் ஊற்றிவிடாதீர்கள். அந்த ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். அதற்கு எபாக்ஸிதான்.

பக்கங்கள் தட்டையாக இருந்தால் அலுமினியம் சுலபம், அச்சு தேவையில்லை. 5052 ரகம் வளைத்தாலும் விரிசல் விடாது. இரும்புப் பாடியையும் ஸ்டெயின்லெஸ் போல்டையும் அலுமினியம் நேரடியாகத் தொடக் கூடாது, நனைந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். நடுவில் நைலான் வாஷரோ ரப்பரோ இருக்கட்டும்.

எந்தப் பொருளானாலும் கூரையைத் தட்டையாக வரையாதீர்கள். மீட்டர் அகலத்துக்கு 15–20 மில்லியாவது நடு உயர்ந்திருக்க வேண்டும். தட்டைக் கூரையில் தண்ணீர் தேங்கும், கரடுமுரடுப் பாதையில் தகர டப்பா மாதிரி ‘டம் டம்’ என்று அடிக்கும்.

ஜன்னலுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கினால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பாலிகார்பனேட் என்றால் கீறல் தாங்கும் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். துளையை ஸ்க்ரூவைவிட 3 மில்லி பெரிதாகப் போடுங்கள், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தாலோ பெட்ரோலாலோ துடைக்காதீர்கள். விரிசல் விட்டுவிடும்.

அச்சும் பூச்சும்

ஃபைபர் பேனலுக்கு முதலில் அசல் உருவத்தை மரத்திலோ ஃபோமிலோ செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, அச்சிலிருந்து பேனல் எடுக்க வேண்டும். ஒரே ஒரு ஹார்ட்டாப்தான் வேண்டும் என்றால் அச்சே வேண்டாம். ஃபோம் பலகைகளைக் கூரை வடிவில் வண்டியின் மேலேயே அடுக்கி, மேலே ஃபைபர் பூசி, திருப்பிப் போட்டு உள்ளேயும் பூசிவிடலாம். மேற்பரப்பை வழவழப்பாக்க இழைத்து இழைத்துக் கை வலிக்கும், அவ்வளவுதான். அச்சு செய்பவர்கள் செங்குத்துச் சுவர்களுக்கு 3 டிகிரியாவது சரிவு கொடுங்கள். மெழுகைக் கஞ்சத்தனம் இல்லாமல் ஐந்தாறு முறை தேயுங்கள். என்னுடைய ஒரு அச்சும் பேனலும் இன்றுவரை பிரியாமல் ஒன்றாகவே இருக்கின்றன.

பூசும் வரிசை: ஜெல்கோட் (பேனலின் வெளிமுகமாகும் ரெசின் பூச்சு) அரை மில்லி, அது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது மெல்லிய 300 கிராம் மேட், காற்றுக் குமிழியை உருளையால் வெளியேற்றிவிட்டு அடுத்த அடுக்குகள். அச்சிலிருந்து அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். பாதி வெந்த பேனல் கழற்றியதும் தன் இஷ்டத்துக்கு வளைந்துகொள்ளும், பிறகு காடி எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

ஹார்டனர் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பாலியஸ்டர் ரெசின் என்றால் அதன் எடையில் 1 முதல் 2 சதவீதம், அதற்கு மேல் போகாதீர்கள். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி அணியாமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது. ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே மற்றொன்று. பெரிய டப்பாவில் மொத்தமாகக் கலந்து வைத்தால் சூடாகிப் புகைந்து தீயே பிடிக்கலாம். சின்னச் சின்னக் கிண்ணங்களில் கலக்குங்கள். சாதாரண துணி மாஸ்க் ஸ்டைரீன் வாடையை நிறுத்தாது, கரிம வாயு வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும்.

பொருத்தி, சோதித்து

முதலில் காடி, பிறகு பக்கங்கள், பின்கதவுச் சட்டம், பின்கூரை, கடைசியாக முன்கூரை. எல்லா போல்டையும் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, எல்லாம் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். கழற்றும்போது அப்படியே தலைகீழ் வரிசை.

பீடிங் எல்லா இடத்திலும் அமுங்குகிறதா என்று பார்க்க ஒரு காகிதத் துண்டு போதும். பேனலுக்கும் பீடிங்குக்கும் நடுவில் வைத்து கிளாம்பைப் பூட்டி இழுங்கள். சற்றுச் சிரமப்பட்டு வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. ஒரு சாணுக்கு ஒருமுறை இழுத்துப் பார்த்து, தப்பிய இடங்களில் சாக்பீஸால் குறியுங்கள். இரவில் உள்ளே டார்ச் அடித்து வெளியே நின்று பார்த்தாலும் தெரியும்.

அப்புறம் தண்ணீர். ஹோஸை எடுத்ததும் உச்சியில் பிடித்துவிடாதீர்கள். கீழிருந்து தொடங்கி மேலே ஏறுங்கள், ஒவ்வொரு இணைப்பிலும் ஐந்து நிமிடம். மேலிருந்து ஊற்றினால் எந்த இடுக்கில் புகுந்தது என்று கடைசிவரை தெரியாது, நான் சொட்டைத் துரத்திக்கொண்டு சிலிகானோடு அலைந்தது அப்படித்தான். இதையே வண்டியின் ஒரு சக்கரத்தைக் கட்டையில் ஏற்றிவைத்தும் ஒருமுறை செய்யுங்கள். சமதளத்தில் ஒழுகாத கூரை முறுக்கிய நிலையில் ஒழுகும்.

ஒரு ஆபத்தை மறக்கக் கூடாது. பெட்டி வடிவ வண்டி ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருக்கும், சைலன்சர் புகை அங்கேயே சுழலும். பின்கதவு பீடிங் சரியில்லை என்றாலோ பின்ஜன்னலை மட்டும் திறந்து ஓட்டினாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. மற்ற இணைப்புகளில் நூறு சதவீதம் கவனம் என்றால் பின்கதவில் இருநூறு. முன்னால் காற்று உள்ளே வர ஒரு வழியும் வைத்துவிடுங்கள்.

சூட்டுக்கு, கூரையின் உட்புறம் மூடிய துளை ஃபோம் ஒட்டினால் பாதித் தொல்லை தீரும். தகடாக இருந்தால் இரவில் உள்ளே வியர்த்துச் சொட்டுவதும் நிற்கும். வெயில் கொளுத்தும் நாடுகளுக்கு லேண்ட்ரோவர் கொடுத்த வழி இன்னும் எளிமையானது. கூரைக்கு மேல் இடைவெளி விட்டு இன்னொரு தகட்டுக் கூரை. மேல்தகடு வெயிலை வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும். போல்ட் துளைகளை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைத்தால் நீங்களும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசிச் சோதனை மண்பாதை. அரை மணி நேரம் புழுதியில் ஓட்டிவிட்டு வந்து பேனல்களைக் கழற்றிப் பாருங்கள். தூசி புகுந்த இடத்தில் பீடிங்குக்கு உட்புறம் பென்சிலால் இழுத்தது போல ஒரு மெல்லிய கோடு இருக்கும். அந்த இடத்தில் பீடிங்குக்கு அடியில் ஒரு மில்லி ரப்பர் பட்டை வைத்து உயர்த்துங்கள். இரண்டு மூன்று முறை இப்படிப் போய்வந்தால் கோடு மறையும்.

கழற்றிய பேனல்களைத் தரையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், பீடிங் நசுங்கும். பழைய டயரின் மேல் விளிம்பு படும்படி நிமிர்த்தி, நிழலில் சாய்த்து வையுங்கள். போல்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு, எந்தப் பேனல் என்று எழுதி அந்தந்தப் பேனலிலேயே டேப் வைத்து ஒட்டிவிடுங்கள்.